சட்டை மடிக்கும் காட்சி

தொலைக்காட்சித் தொடர்களுக்கே இசையமைத்து வந்தவருக்கு முதன்முதலாக ஒரு சினிமா கிடைத்தது. மாமியார் முறைத்தால் இடி, மருமகள் அழுதால் வயலின் என்று பழகிய கை அவருடையது. மகன் இறந்த செய்தி வந்த பிறகும் ஒரு தாய் அவன் சட்டைகளை மடித்துக்கொண்டே இருக்கும் காட்சியில்தான் மாட்டிக்கொண்டார். மெட்டு மேல் மெட்டாகப் போட்டார். இயக்குநர், "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஒட்டல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இசையமைப்பாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. மனைவி, "அந்த அம்மாவ விட நீங்கதான் அதிகமா அழறீங்க" என்றாள்.

மறுநாள் ஸ்டுடியோவில் தன் இசையை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓடவிட்டார். துணி உதறும் சத்தம் கேட்டது. நடுவே அந்த நடிகையின் மூச்சு ஒருமுறை தடுக்கியது. இத்தனை நாளும் அதை அவருடைய வயலின்தான் அமுக்கியிருந்தது.

"இதுக்கு மியூசிக் வேணாம்."

"உங்க முதல் படம் சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"யோசிச்சா பயம் வந்துடும். இப்பவே முடிச்சிடுங்க."

படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி தோழியிடம் சொன்னாள்: "சட்டை மடிக்கிற இடத்துல மியூசிக் கொன்னுடுச்சுடி!"

அவர் பக்கத்தில் நின்ற மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே அந்த இடத்தில் இசை எதுவும் வரவில்லைதானா என்று பார்க்க, அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கப் போனார்.