யார் பெயருக்கு அனுப்ப?

தஞ்சாவூரில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுப் பிழைத்தவர் தியாகராசன். அவர் இறந்து மூன்று மாதமாகிறது. கொள்ளு வாங்கிக் கட்டுப்படியாகாமல், மனைவி தங்கமணி குதிரையை விற்கத் துணிந்தாள். வீட்டில் அவளோடு இருந்த ஒரே உயிர் அதுதான்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் சவாரி விடும் சூசைராஜ் வாங்க வந்தார். கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தவர், பணம் அனுப்பாமல் நின்றார்.

“தியாகராசன்னு பேர் வருதே, யாருங்க?”

“எங்க வீட்டுக்காரருங்க. தவறிட்டாரு.”

அந்தப் பெயரை இன்னொருவர் சொல்லிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் கண் கலங்கியது.

“இதுல போட்டா அவரு கணக்குல மாட்டிக்கும்க்கா. அப்புறம் பேங்குக்கு நடையா நடக்கணும். உங்க பேர்ல பாஸ்புக் இருக்கா?”

“நூறு நாள் வேலைக்கு எடுத்தது இருக்குங்க.”

அந்தக் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார். “என் போனைப் பாத்து நம்பாதீங்க. இதுல யாரு என்ன வேணாலும் காட்டலாம். உங்க போன்ல பேங்க் மெசேஜ் வரட்டும்.”

“நல்ல வியாபாரிதான் போங்க” என்று சிரித்தாள்.

மெசேஜ் வந்தது. மீதிப் பணமும் வந்துவிட்டதாக அவள் சொன்ன பிறகே குதிரையை வண்டியில் ஏற்றினார்.

மாலையில் போன் அடித்தது. “வந்து சேந்துட்டோம்க்கா. தண்ணி குடிக்க மாட்டேங்குது. நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”

தங்கமணி கூப்பிட்டாள். மறுமுனையில் அது தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

போனை வைத்ததும் வீடு அமைதியானது. விளக்கேற்றி, முன்பின் தெரியாத சூசைராஜின் குடும்பத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.