எதிர்நீரில் ஏறிய தீவு

சேற்றைக் கொட்டிக் கட்டிய நான்காம் தீவு, அதில் பறவைகள் முட்டையிட்ட மறுவாரம், ஆற்றோட்டத்துக்கு எதிராக நகர ஆரம்பித்தது. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. இடுப்பில் கைக்குழந்தையோடு கரையில் நடப்பவர்கூட அதை முந்திவிடலாம். இதற்கெல்லாம் காரணம் சுக்கானி அக்காதான் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

சரக்குப் படகுகளுக்கு வழிசெய்ய ஆற்றடியில் தூர்வாரிய சேற்றை முன்பெல்லாம் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கரை முழுக்க சிமெண்ட் ஆகி, பறவைகளுக்கு முட்டையிட ஒரு பிடி மணல்கூட இல்லாமல் போனபின், அந்தச் சேற்றைக் கொண்டே நடு ஆற்றில் தீவு கட்டுவதென்று நீர்வழித் துறை முடிவுசெய்தது. தூர்வாரும் படகு ஒரு பக்கம் உறிஞ்சும், மிதக்கும் குழாய் மறுபக்கம் கக்கும். குழாயின் வாயை நகர்த்தி நகர்த்தி வடிவம் கொண்டுவருவதில்தான் வித்தை இருக்கிறது. தீவின் மழுங்கிய தலை வெள்ளத்துக்கு முகம் கொடுக்க வேண்டும், வால் கீழ்நோக்கி மெலிய வேண்டும். அக்கா பாதி வாழ்க்கையைப் படகின் சுக்கானைப் பிடித்தே கழித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். வரைபடத்தை ஒருதரம் பார்த்தாள், மடித்து வைத்தாள், கை போன போக்கில் கட்டினாள். முடித்தபோது கூர்மூக்கு மேலாற்றைப் பார்த்தது, அகன்ற பின்புறம் கீழே கிடந்தது. தண்ணீரைக் கிழிக்கும் மூக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று படகுக்காரியின் கையைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

பொறியாளர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அகன்ற பின்புறத்தில் தண்ணீர் சுழன்று, படகு வழியே தூர்ந்துபோகும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அக்காவும் மறுக்கவில்லை. ஆனால் தீவை உறிஞ்சி எடுத்துத் திரும்பக் கொட்டச் சொல்லும் உத்தரவு வருவதற்குள் ஆலாப் பறவைகள் வந்துவிட்டன. மற்ற மூன்று தீவுகளிலும் நாணல் மண்டிவிட்டது. ஆலாவுக்கு வெறும் மணல்தான் வேண்டும். காலெடுத்து வைக்க இடமில்லாமல் முட்டை கிடந்தது. அக்கா தூர்வாரும் படகின் சாவியை அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பையும் ஒரு தார்ப்பாயையும் குடையையும் தூக்கிக்கொண்டு தீவில் குடியேறினாள். துறையும் லேசுப்பட்டதல்ல, சாவியை அவள் உடன்பிறந்த தம்பியிடமே கொடுத்தது. அவனுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது.

"இறங்குக்கா. தப்பாக் கட்டினது நீதானே?" என்றான் தம்பி, படகில் நின்றபடி.

"ஆமாண்டா, நான்தான். என் தப்புக்கு அதுங்க ஏன் முட்டையைப் பறிகொடுக்கணும்? குஞ்சு பறக்கட்டும், நானே இடிச்சுத் தரேன். அதுவரைக்கும் ஒரு கூடை மண்ணு எடுக்க விடமாட்டேன்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டு, உறிஞ்சு குழாயின் முனையில் சுழலும் வெட்டுத்தலையை இறக்கினான். அது வெறும் தண்ணீரைக் கடித்தது. தீவு பத்தடி முன்னால் போயிருந்தது.

அதன்பிறகு துரத்தல்தான். படகு நெருங்கினால் தீவு நகரும், படகு நின்றால் நிற்கும். பாலத்துத் தூண்களுக்கு இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தது. ஒரு முட்டைகூட உருளவில்லை. மீன் பிடிக்கப் போன ஆலாக்கள் திரும்பி வந்து, கூட்டைப் பழைய இடத்தில் காணாமல், கத்தித் தீர்த்துவிட்டுப் புது இடத்தில் இறங்கின. நங்கூரம் போடாத தீவுக்கு என்ன அபராதம் என்று துறை சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது. அப்படி ஒரு பிரிவு இல்லை. இரண்டு ஊர் தாண்டியாயிற்று, முட்டைகளும் பொரிந்தாயிற்று.

கடைசியில் தடுப்பணை வந்தது. ஆளுயரச் சுவர், அதன்மேல் வழியும் தண்ணீர், அப்பால் ஏரி. தீவு மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. பின்னாலேயே தூர்வாரும் படகு வந்தது, மேல்தட்டில் பொறியாளரும் இருந்தார். அக்காவுக்கு அன்றுதான் பயம் வந்தது. இருந்தும் தீவின் பின்விளிம்புக்குப் போய், குடையை மடக்கி ஊன்றி நின்றாள்.

"நான் நிக்கற இடத்துலேருந்து ஆரம்பி" என்றாள்.

தம்பி அவளைப் பார்த்தான், அவள் பின்னால் மணல் நிறத்தில் பதுங்கிக் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தான், பொறியாளர் பக்கம் திரும்பினான். "வெட்டறதுக்குத்தான் ஆர்டர் இருக்கு, கொட்டறதுக்கு இல்லைன்னு தெரியும் சார். இருந்தாலும் கொட்டப் போறேன்" என்றான். குழாயைச் சுற்றித் திருப்பி, வாயை அணையின் அடிவாரத்தில் வைத்து, ஆற்றடிச் சேற்றை உறிஞ்சிக் கக்கவிட்டான். பொறியாளர் எச்சரித்தார், மிரட்டினார், கடைசியில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சுவரின் உச்சிவரை ஒரு சரிவு எழுந்தது. தீவு அதில் மூக்கை ஏற்றி, கொஞ்சம் மூச்சுவாங்கி, ஏறிக் கடந்து ஏரியில் இறங்கியது.

தம்பிக்கு வேலை போயிற்று. அதைவிட வீட்டில் போய் என்ன சொல்வது என்பதுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது. குஞ்சுகள் பறந்த மறுநாள் அக்கா கொடுத்த வாக்குப்படி துறை அலுவலகத்துக்குப் போய், இடிக்கத் தயார் என்றாள். ஏரி தங்கள் எல்லையில் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷமும் ஆலாக்கள் வந்தன, அதற்கடுத்த வருஷமும் வந்தன. தம்பி இப்போது ஏரியில் பயணிகள் படகு ஓட்டுகிறான். காலையில் கிளம்பும்போது தீவு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறான். எதிரே வந்தால் இவன்தான் ஒதுங்குவான், பயணிகளில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.