கடல்சுவரில் ஒரு கம்பி

படகிலிருந்து கரையைக் கூப்பிடும் பகல் நேரத்துக்கு ஐஸ் ஷெட்டிலிருந்து மீன் கம்பெனி மாடிக்கு ஓடிவந்தவள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ரேடியோ அறை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். உள்ளே ரேடியோக்கா ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்திருந்தாள். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரே இரைச்சல். அதற்கு அடியில், எங்கோ ஆழத்தில், கடலில் நிற்கும் படகின் கேப்டன் குரல்.

"இன்ஜின்காரருக்கு... கை..."

இரைச்சல் மறுபடியும் மூடிக்கொண்டது. அந்தப் படகில் இன்ஜின்காரர் ஒருவர்தான். ஓடிவந்தவளின் வீட்டுக்காரர்.

"கைக்கு என்னக்கா?"

"தெரியலம்மா. நாம பேசுறது அவங்களுக்கு நல்லாவே கேக்குது. அவங்க பேசுறதுதான் நமக்குக் கேக்கல." ரேடியோக்கா மைக்கை அழுத்தி, திரும்பச் சொல்லும்படி மூன்று நான்கு தடவை கேட்டாள். கேப்டனும் திரும்பச் சொல்லியிருப்பார். கம்பெனி அனுமதி கொடுக்காமல் அவரால் படகைத் திருப்ப முடியாது. அனுமதி கேட்டாரா என்பதே தெரியவில்லை.

போன மாதம்வரை இப்படி இல்லை. ரேடியோவைப் பழசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ரேடியோக்கா அப்படிப்பட்டவள் இல்லை. அறையில் இருந்த விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, ரேடியோவைப் பேட்டரியில் ஓடவைத்தாள். இரைச்சல் அசையவில்லை.

"வெளியிலிருந்துதான் வருது" என்று சொல்லி, அலமாரியிலிருந்து கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இவளும் பின்னாலேயே போனாள். வாசலில் அது முனகியது. ஷெட்டுக்குள் போனதும் சீறியது. ஐஸ் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் புதிதாக மாட்டியிருந்த சாம்பல்நிறப் பெட்டியை நெருங்கியதும் காது கிழிகிற மாதிரி அலறியது. ஏரியல் நின்றதோ அந்த ஷெட்டின் கூரைமேலேயே.

"பிடிபட்டான்!" என்றாள் ரேடியோக்கா. ஏதோ ஒளிந்திருந்த பிள்ளையைக் கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில்.

மேனேஜரிடம் போய், கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் மெஷினை நிறுத்தும்படி கேட்டார்கள்.

"நிறுத்தலாமே. உருகுற ஐஸை நீங்க ரெண்டு பேரும் மடியில வச்சுக் காப்பாத்துவீங்களா?"

ரேடியோக்கா திரும்பி நடந்தாள். மாடிக்கு வந்து பழைய வயர்ச் சுருளை உருட்டி வெளியே தள்ளினாள்.

"மிக்ஸி ஓடுற சமையல்கட்டுல நிக்கிறோம். வாசல்ல கூப்பிடுறது காதுல விழல. மிக்ஸியை நிறுத்த விடமாட்டாங்க. அப்ப என்ன பண்ணணும்? நாமதான் வாசலுக்குப் போகணும். வா."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும், அலையைத் தடுக்கப் பாறை கொட்டிய கடல்சுவரின் கடைசிவரை வயரை இழுத்தார்கள். இவள் நாத்தனாரும் ஐஸ் ஷெட்டில்தான் வேலை. இன்ஜின்காரர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். சுருளின் மறுபக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாறை இடுக்குகளில் கழிகளை நட்டு, இடுப்பு உயரத்துக்குக் கம்பியைக் கட்டினாள் ரேடியோக்கா.

"என்னக்கா, துணி காயப்போடக் கொடியா? மேனேஜர் சட்டையைக் கொண்டாரட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"அதைப் போட்டா மறுபடியும் இரைச்சல்தான் வரும்."

மூவரும் சிரித்தார்கள். இத்தனை நேரம் கழித்து இவளுக்கும் சிரிப்பு வந்தது.

"உயரத்துல கட்டினாத்தானேக்கா நல்லா எடுக்கும்?"

"பேசுறதுக்கு உயரம் வேணும். அதுக்குக் கூரைமேல இருக்கிறது போதும். கேக்குறதுக்கு அமைதியான இடம்தான் முக்கியம். குரல் கொஞ்சம் சின்னதா வரும். ஆனா அதை மூட எதுவும் இருக்காது."

பழைய கம்ப்யூட்டர் வயர்களிலிருந்து அறுத்தெடுத்த கறுப்பு உருளைகளை, வயர் அறைக்குள் நுழைகிற இடத்தில் வரிசையாகக் கோத்தாள். ஷெட்டின் இரைச்சல் வயர்மேல் ஊர்ந்து உள்ளே வராமலிருக்க அது. எர்த்துக்காக ஈர மணலில் செப்புக்கம்பியை அடித்து இறக்கி, முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். சரியில்லை என்று பட்ட ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவள் விரல்களை இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரம் இவர்களுடையதாக இருந்தாலும் அந்த விரல்கள் எதையும் விட்டுவிடவில்லை.

அடுத்த கூப்பிடும் நேரத்தில் ரேடியோக்கா குமிழைத் திருப்பினாள். கொதிக்கிற எண்ணெய் அடங்கியிருந்தது.

"கரை, கேக்குதா? இன்ஜின்காரருக்கு வலது கையில வெந்நீர் பீறிட்டு வெந்துபோச்சு. முழங்கைவரைக்கும் வீங்கியிருக்கு. காய்ச்சல் விடல. திரும்பி வர அனுமதி வேணும்."

நாத்தனார் இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கேக்குது அண்ணி! ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது!"

ரேடியோக்கா கூப்பிட்டு அனுப்பியதும் மேனேஜர் மேலே வந்தார். கேப்டனை மறுபடியும் சொல்லவைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"எங்கிருந்து பேசுறாங்க?"

"வழக்கமா நிக்கிற எல்லையிலதான் சார்."

"அங்கேருந்து இவ்வளவு தெளிவாவா? கெட்டிக்காரிம்மா நீ!" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குரல் எட்டாத தூரத்துக்குப் போகமாட்டோம்னு படகுக்காரங்கதானே சண்டைபோட்டு எழுதி வாங்கினாங்க? இப்ப அந்த எல்லையைத் தாண்டியும் எட்டும்போலிருக்கே. மீன் இன்னும் வெளியதான் இருக்கு. இன்னும் ஒரு நாள் ஓட்டம் போகச் சொல்லு."

"சார், அந்தக் கை தாங்காது. அதைக் கேக்குறதுக்குத்தான் இந்தக் கம்பியே கட்டினோம்."

"அதான் கேட்டுட்டோமே. மருந்துப் பெட்டி இருக்கு, போட்டுக்கட்டும். நீ சொல்றியா, வேற ஆளை உக்காரவைக்கட்டுமா?"

ரேடியோக்கா மைக்கைத் தொடவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மேனேஜர் எட்டி எடுத்துத் தானே சொன்னார்.

கேப்டன் "சரி" என்றார். மைக்கின் பொத்தானை விட மறந்துவிட்டார் போலிருக்கிறது. படகு முழுவதும் அறைக்குள் வந்தது. மரம் முனகுவது, அலை மோதுவது, "சுத்துப்பா" என்று யாரோ சொல்வது. அது கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் எழும் பழைய இன்ஜின். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் மூச்சை இழுத்தார். அந்த மூச்சு யாருடையது என்று இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி கிறீச்சிட்டு நின்றது. மறுபடியும் கிறீச்சிட்டது.

"எதிர்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் மேனேஜர்.

மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதன் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது.