மடி பிரிந்த சேலை

அன்பரசு அடித்துவந்த நோட்டீஸை இராஜமாணிக்கம் கண்ணாடி போட்டுப் படித்தார். 'இலையுதிர் கால விழாச் சுற்றுலா. ஆரணி நவராத்திரி, ஜவ்வாது மலைக் காட்சி. இரண்டு நாள்.'

"புரட்டாசியில நம்மூர்ல எந்த மரத்துலடா இலை உதிருது?"

"நெட்ல அப்டித்தான் தேடுறாங்க, பெரியப்பா."

"தேடுறவனுக்கு மூளை உதிர்ந்துபோச்சு."

தம்பி மகன் வேன் ஓட்டிப் பிழைப்பதில் அவருக்கு வருத்தமில்லை. சுற்றுலா வருகிறவர்களைக் கூட்டிவந்து தறி இருக்கும் வீட்டைக் காட்டிப் பிழைப்பதுதான் பொறுக்கவில்லை.

விஜயதசமியன்று அம்மனுக்குச் சாத்தும் முதல் சேலை நான்கு தலைமுறையாக அவர்கள் தறியிலிருந்துதான் போகிறது. நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் மடித்து மஞ்சள் துணியில் கட்டிவிட்டால், பிறகு அது அம்மன்மேல்தான் பிரிய வேண்டும். பக்கத்துத் தெரு தருமனின் சேலை இரண்டாவது. பந்தியில் இலை கிடைக்காதவர்போல முப்பது வருஷமாக அந்த முதலிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் அவர்.

விஜயதசமி காலையில் இராஜமாணிக்கம் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் வேன். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். மஞ்சள் துணி தரையில் கிடந்தது. ஒரு பெண் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்பரசு, பிரிச்சது யாரு?"

"நான்தான், பெரியப்பா. ஒரு போட்டோதான. மறுபடி மடிச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"மடிக்கிறவனுக்குத் தெரியும்."

அந்தப் பெண் பதறிச் சேலையை எடுத்து நீட்டினாள். "சாரி அங்கிள், எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்பிடிம்மா தெரியும், நீ ஊர் சுத்த வந்தவ. நீயே கட்டிக்க. இனிமே அது வெறும் சேலை."

கோயிலுக்கு வெறுங்கையோடு நடந்தார். நிர்வாகிகள் முன்னால் நிமிர்ந்து நின்று, "எங்க வீட்ல மடி பிரிஞ்சிபோச்சு. இந்த வருஷம் தருமனோடது முதல்ல போகட்டும்" என்றார். தருமன் அனுதாபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். இராஜமாணிக்கம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முப்பது வருஷம் காத்துக் கிடந்தவனின் அனுதாபம் யாருக்கு வேண்டும்?

மேளம் முழங்க, தருமனின் சேலை அம்மன்மேல் விரிந்தது. வேனில் வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில், அவர் நின்றார்.

முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, "நீங்க இந்த ஊருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் இராஜமாணிக்கம். "இன்னிக்கு நானும் வேடிக்கை பாக்க வந்தவன்தான்."