வியாழக்கிழமையிலிருந்து

இரண்டாவது குழந்தையை வீட்டில்தான் பெறுவேன் என்று நான் சொன்னபோது, என் கணவரின் அக்கா ஃபோனிலேயே ஒரு பாட்டம் அழுது முடித்தார். பிறகு, "ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவளே வீட்டுல பெத்துக்கறேங்கறியே. ஹோட்டல்காரன் பக்கத்து வீட்டுல போய்ச் சாப்பிட்டா என்ன அர்த்தம்?" என்று கேட்டார். என்ன அர்த்தம் என்று ஹோட்டல்காரனுக்குத் தெரியும் அண்ணி என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் கூப்பிடவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

எனக்கு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் வேலை. வீட்டுக்குப் போனவர்களின் கேஸ் ஷீட்டுகளுக்கு எண் போட்டு அடுக்குவதும், யாராவது கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பதும்தான். மூத்தவளைப் பெற்று வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே என்னுடைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பதினாலு மணி நேர வலியை நாலே வரியில் முடித்திருந்தார்கள். நாலாவது வரி, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' படுக்க முடியவில்லை, கொஞ்சம் எழுந்து நடக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. மூன்றாவது தடவை சத்தமாகக் கேட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். அஞ்சு வருஷமாக அந்த வரி என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அதனால்தான் இந்த மருத்துவச்சியைத் தேடிப் பிடித்தேன். முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவர், முந்நூறு வீட்டுப் பிரசவங்களுக்கு மேல் பார்த்தவர், பேச்சில் குழைவே கிடையாது. முதல் நாளே ஒரு தாளை நீட்டினார். முன்பக்கம், வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று. பின்பக்கம், எப்போதெல்லாம் வீட்டை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று.

"ரெண்டும் ஒரே தாள்தான். முன்பக்கத்தை மட்டும் படிக்கறவங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்றார்.

முன்பக்கத்தை நாங்கள் கொண்டாடினோம். மெத்தைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, துவைத்து வெயிலில் போட்டு எடுத்த பதினெட்டுத் துண்டுகள், அறைக்கு ஒரு ஹீட்டர். என் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியை அளந்தார். ஸ்ட்ரெச்சர் திரும்புகிற இடத்தில் நாலு விரல் மிச்சம் இருந்ததில் அவருக்கு ஒரே பெருமை, என்னவோ படியை அவரே கட்டிய மாதிரி. பின்பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பை தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. அதற்கு நான் ஒரு பையை எடுத்து, பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எட்டாம் மாதம் முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. குளிக்கும்போது ஒன்று வரும், துணி மடிக்கும்போது இன்னொன்று வரும். மருத்துவச்சியிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் எழுதி வை. வர்றப்ப ஒண்ணொண்ணா பேசுவோம்" என்றார்.

ஒன்பது பயங்கள் எழுதினேன். ரத்தம் நிற்காவிட்டால்? கொடி சுற்றியிருந்தால்? நீங்கள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால்? மூத்தவள் பயந்து அழுதால்? நான் போடுகிற கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டால்? ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வார், என்ன மருந்து கையில் இருக்கும், எந்தக் கட்டத்தில் ஆம்புலன்ஸ் என்று பொறுமையாகச் சொன்னார். போலீஸுக்கு மட்டும், "வரட்டுமே, தண்ணி சுடவைக்க ஆள் வேணும்" என்றார்.

கிளம்பும்போது இன்னொரு தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டினார். தினமும் சாயங்காலம் இடதுபக்கம் சாய்ந்து படுத்து, குழந்தை பத்துத் தடவை அசைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுத வேண்டும்.

"கடைசி மாசம் இடம் பத்தாம அசைவு குறைஞ்சுடும்னு யாராவது சொல்லுவாங்க. நம்பாத. குறைஞ்சா எனக்காகக் காத்திருக்காத, நேரா ஆஸ்பத்திரி."

பதினெட்டு, இருபத்திமூணு, இருபத்தாறு, இருபத்தொண்ணு என்று தினமும் எழுதிவந்தேன். அது எனக்குப் பிடித்த நேரம். குழந்தையும் நானும் மட்டும் இருக்கிற நேரம்.

முப்பத்தெட்டாவது வாரம், வியாழக்கிழமை. ஒரு மணி நேரம் தாண்டியும் ஆறுதான் வந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். திரும்பிப் படுத்தேன். ஏழாவது அசைவா என் வயிற்றின் இரைச்சலா என்று தெரியாத ஒன்றை ஏழு என்று வைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து போய் முப்பது என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உண்மையை எழுதினால் பின்பக்கம். பின்பக்கம் என்றால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில், அந்த நாலாவது வரி. குழந்தை தூங்கியிருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் முப்பது. சனிக்கிழமை கொஞ்சம் இயல்பாக இருக்கட்டும் என்று முப்பத்தஞ்சு. வார்டில் சார்ட்டை மொத்தமாக உட்கார்ந்து நிரப்புகிற நர்ஸுகளைக் கிழி கிழி என்று கிழிக்கிறவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் கணவருக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை, அன்று லீவு. ஃப்ரிட்ஜைத் திறக்க வந்தவர் திறக்காமல் நின்றார்.

"இந்த மூணு நாளும் நீ எண்ணவே இல்லையா?"

"எண்ணாம? தாள்ல இருக்கே, கண்ணு தெரியலையா?"

"அதான் தெரியுது. பதினெட்டு, இருபத்திமூணு, இருபத்தாறுன்னு வந்துட்டு, திடீர்னு முப்பது, முப்பது, முப்பத்தஞ்சு. மழை நாள்ல எங்க ஆளுங்க மீட்டர் மூடியைத் திறக்காமலே டீக்கடையில உக்காந்து எழுதற ரீடிங் இப்படித்தான் இருக்கும். எல்லாம் அஞ்சுல முடியும், இல்ல பூஜ்யத்துல முடியும்."

வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அன்று பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பத்து வரலைங்க. இன்னிக்குக் காலைலேர்ந்து ஒண்ணுகூட வரலை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே உறைத்தது. ஓவென்று அழுதேன்.

அவர் மருத்துவச்சிக்கு ஃபோன் போட்டார். மருத்துவச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடனே கிளம்புங்க, நான் அங்க வந்துடறேன்" என்றார். மூத்தவளைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, பிரஷ் மட்டும் இருந்த பையோடு கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள். இதயத் துடிப்பு கேட்டது. கேட்டதும் என் கணவர் சுவரில் சாய்ந்துவிட்டார். ஆனால் மெஷினில் இருந்து வந்த தாளில் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அசைவு குறைஞ்சது எப்போலேர்ந்து?"

'இன்னிக்குக் காலைலேர்ந்து' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்தத் தாளும் ஒருநாள் என் அலமாரிக்குத்தான் வரும். என்ன சொல்கிறேனோ அதுதான் எழுதப்படும், நல்ல தாய் உடனே ஓடி வந்தாள் என்று ஆகிவிடும். என் கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமையிலிருந்து" என்றேன். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. அதுக்கப்புறம் சார்ட்ல நான் எழுதினது எல்லாம் பொய்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்குத்தான்னா இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன். மூணு நாளா இப்படின்னா காத்திருக்க மாட்டேன். ஆபரேஷன்தான், இப்பவே. சரியா?"

சரி என்றேன். வீட்டில் விரித்து வைத்த படுக்கை ஒரு நிமிஷம் கண்ணில் வந்தது. வந்து போயிற்று.

ஆபரேஷன் தியேட்டரில் மருத்துவச்சி என் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்களை ஏமாத்திட்டேன்" என்றேன். "என்னை இல்ல" என்றார். கையை விடவில்லை. பையன், ரெண்டே கால் கிலோ. அழுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன். நஞ்சுக்கொடி வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மூன்று நாள் சூட்டுப் பெட்டியில் இருந்துவிட்டு, நாலாம் நாள் மத்தியானம் அவன் என் பக்கத்துக்கு வந்தான். எனக்குத் தையல் வலி. என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனையே பார்த்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க மட்டும் அந்தத் தாளைப் பாக்கலைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சனிக்கிழமை காலைலயே பாத்துட்டேன்" என்றார்.

"என்னது?"

"முப்பது, முப்பதுன்னு இருந்துச்சு. பாத்ததும் புரிஞ்சுது. கேட்டா உன் ஆசை போயிடும். நாளைக்கு நல்ல நம்பரா வரும்னு ஒரு நாள் விட்டுட்டேன்." அவர் குரல் உடைந்தது. "முப்பத்தஞ்சைப் பாத்தப்புறம்தான் கேக்கத் தைரியம் வந்துச்சு."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஒரு முழு நாள்! ஆனால் ஒரு நாள் விட்டவரைத் திட்ட, மூன்று நாள் விட்டவளுக்கு வாய் வரவில்லை. குழந்தை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விலா ஏறியது, இறங்கியது.

"எனக்கு அப்ப ரொம்ப பயமா இருந்துச்சுங்க" என்றேன்.

"எனக்கு இப்பவும் இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்."

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாங்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.