துருப்பிடிக்காத இரும்பு

பால்சாமி பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டினான். மழையில் வண்டி பள்ளத்தில் உருண்டு அவனுடைய வலது தொடை எலும்பு முறிந்தது. அஸ்ஸாம் பக்கத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி, மேலே இரும்புத் தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். அது துருப்பிடிக்காத இரும்பு, உயிருள்ளவரை உள்ளேயே இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லியனுப்பினார். சண்டை முடிந்து சொந்த ஊரான சிங்கவரத்துக்கு வந்தபோது கொஞ்சம் சாய்ந்து நடந்தான், அவ்வளவுதான்.

செஞ்சியில் மணிலாக்கடலை மண்டி வைத்திருந்த சீதளநாத நயினாரிடம் ஒரு பஸ் இருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தப் புகையில் திண்டிவனம்வரை போய் வரும் வண்டி. மேட்டில் இளைக்கும், இறக்கத்தில் பிடிபடாது. அதை அடக்கி ஓட்ட ராணுவத்தில் பழகிய ஆள்தான் வேண்டுமென்று நயினார் பால்சாமியை வைத்துக்கொண்டார். அவன் மனைவி லூர்துமேரிக்கு அப்போது வயிற்றில் முதல் பிள்ளை.

சில மாதத்திலேயே தொடையில் வலி வந்தது. முதலில் குளிரும் நேரத்தில் மட்டும் இருந்தது. பிறகு பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் உள்ளே எதுவோ அசைவதுபோல இருந்தது. பழைய தழும்பு சிவந்து வீங்கி, ஓரிடத்தில் கண் திறந்து நீர் வடியத் தொடங்கியது. வெள்ளையாக வரவில்லை. ஊறப்போட்ட ஆணியிலிருந்து இறங்கும் தண்ணீர்போலக் கறுத்த பழுப்பாக வந்தது.

லூர்துமேரி வேட்டியைத் துவைக்கும்போது அந்தக் கறை போகாததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டாள், கேட்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று தினமும் சொன்னாள். மணிலா அறுவடை முடியட்டும் என்றான். அறுவடை முடிந்ததும் குழந்தை பிறக்கட்டும் என்றான். பெண் குழந்தை பிறந்து, கோயிலில் மரியசெல்வி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அப்போதும் அவன் போகவில்லை.

“கால் சரியில்லாதவங்கிட்ட யாரு வண்டி குடுப்பாங்க? நயினாருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளு வச்சிடுவாரு” என்றான் அவளிடம்.

தொடையில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மேலே காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவான். பஸ்ஸில் ஏறும்போது இடது காலை முதலில் வைப்பான். மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

செஞ்சிச் சந்தை நாளன்று காலை வண்டி நிறைய ஆள். தொண்டூரிலிருந்து கத்தரிக்காய்க் கூடையோடு வந்த குஞ்சம்மாள் படியோரம் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். தனியாளாகக் காய் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். பால்சாமியைவிட மூத்தவள். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஏரிக்கரை வளைவில் எதிரே நெல் ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. பால்சாமி பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். தொடைக்குள் காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குமேல் கால் அவனுடையதாக இல்லை. மிதிக்க நினைக்கிறான், பாதம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. மாட்டின்மேல் ஏறாமல் வண்டியை ஒடித்துத் திருப்பினான். பஸ் கரையிலிருந்து இறங்கி ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்றது. யாருடைய உயிருக்கும் சேதமில்லை. ஜன்னல் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் குஞ்சம்மாளின் வலது முன்னங்கை சிக்கி, இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

இருவரையும் ஒரே லாரியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவள் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

அங்கே அறுவை பார்ப்பவர் டாக்டர் இருதயநாதன். சண்டைக் காலத்தில் அவரும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர். தொடையைத் திறந்து தகட்டை எடுத்தார். மயக்கம் தெளிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த நிலையில், பால்சாமி அதைப் பார்க்கவேண்டுமென்று கேட்டான். ஒரு பீங்கான் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்.

தகடு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. திருகாணித் துளைகளைச் சுற்றி அரித்துக் குழிகுழியாக இருந்தது. திருகாணிகளில் சிலவற்றுக்கு மரையே இல்லை.

இரண்டு வெவ்வேறு உலோகம் என்றார் டாக்டர். தகடு ஒரு வகை, திருகாணி வேறு வகை. அவசரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். வண்டி பேட்டரிக்குள் நடப்பதுதான் தொடைக்குள்ளும் நடந்திருக்கிறது, உடம்பில் ஓடுவது உப்புத் தண்ணீர்தானே என்று விளக்கினார். அன்னியப் பொருள் எதை உள்ளே வைத்தாலும் முதலில் ரத்தத்தில் இருக்கும் சத்து அதன்மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு உடம்பு அதைச் சுற்றி ஒரு தோலைக் கட்டி ஒதுக்கிவைக்கப் பார்க்கும். இவனுக்குக் கட்டிய தோலும் கறுத்து, பக்கத்துச் சதையும் கறுத்து, திருகாணியைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துபோயிருந்தது. எலும்பு முன்பே சரியாகக் கூடவில்லை, தகடுதான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. ஒரு திருகாணியின் முனை மட்டும் ஆழத்தில் ஒடிந்து நின்றுவிட்டது, தோண்டினால் எலும்பு சிதறும் என்பதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

“அது உள்ள இருந்தா மறுபடியும் இப்படி ஆவுமா, ஐயா?”

“ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.” டாக்டர் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். “அங்க நானும் இப்படித்தான் வச்சேன், பால்சாமி. எந்தப் பெட்டில எது இருந்துதோ அதைப் போட்டேன். எத்தனை பேருக்குன்னு சொல்ல முடியாது. அவங்கல்லாம் இப்ப எந்த ஊர்ல இருக்காங்களோ.”

நயினார் பார்க்க வந்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வலி இருந்ததா என்று மட்டும் கேட்டார். பால்சாமி ஆமென்று தலையை ஆட்டினான். சொல்லியிருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பால்சாமி லூர்துமேரியிடம் சொன்னான்.

குஞ்சம்மாளின் கைக்கு டாக்டர் மரச்சிம்பு வைத்துக் கட்டியிருந்தார். வீக்கம் வடிந்ததும் அவளிடம் பேசினார். கட்டு மட்டும் போட்டால் எலும்பு கோணலாகக் கூடும். கையைத் திறந்து தகடு வைத்தால் நேராகக் கூடும். புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது, தகடும் திருகாணியும் ஒரே உலோகம், அரிக்காது என்று சொல்லியிருக்கிறார்கள், யோசித்துச் சொல் என்றார்.

அவள் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கிய கையோடு ஆண்கள் பக்கம் வந்து பால்சாமியின் கட்டிலருகே நின்றாள். லூர்துமேரி எழுந்து முக்காலியை நகர்த்திப் போட்டாள். குஞ்சம்மாள் உட்காரவில்லை.

“எனுக்கும் இரும்பு வைக்கணும்னு சொல்றாரு. வச்சிக்கட்டுமா?”

பால்சாமி தன் காலில் தொங்கிய எடையைப் பார்த்தான். லூர்துமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னத்தான் கேக்கறேன். உனுக்குத்தான் தெரியும்.”

“எனுக்கு வச்சப்பவும் துரு புடிக்காதுன்னுதான் சொன்னாங்கக்கா” என்றான். “டாக்டரு நல்லவரு. பொய் சொல்லமாட்டாரு. இப்ப வச்சிருக்கறது வேற இரும்புன்னு சொல்றாரு. ஆனா உள்ள போன பிறகு அது இன்னா ஆவும்னு அவருக்கும் தெரியாது, எனுக்கும் தெரியாது.”

“அத எடுத்தாங்களே, எப்படி இருந்துது?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னான். கறுத்த சதையை, மரை கரைந்த திருகாணியை, வடிந்த பழுப்பு நீரை, எல்லாவற்றையும் சொன்னான். அவளை முடமாக்கியவன் அவளிடம் ஒளிக்கக்கூடாது என்று நினைத்தான். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடிவில், வாணாம்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

அவள் கை கோணலாகத்தான் கூடியது. எலும்புகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் உள்ளங்கை மேல்பக்கம் திரும்பவில்லை. காசு வாங்க, தராசுத் தட்டை ஏந்த, இடது கையைத்தான் நீட்டவேண்டும். கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்ற முடியவில்லை.

பால்சாமி பல மாதம் படுக்கையில் கிடந்து ஊன்றுகோலோடு எழுந்தான். முழங்கால் மடங்கவில்லை, கால் கட்டையாகிவிட்டது. இனி வண்டி ஓட்ட முடியாது. நயினார் மண்டியில் மூட்டை எடை பார்க்கும் வேலை கொடுத்தார்.

ஒருமுறை டாக்டரிடம் காட்டப் போயிருந்தபோது, அங்கே தங்கராசு என்று ஒரு மரமேறியைப் பார்த்தான். அவனுக்கும் முன்னங்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. அந்தப் புதுப் பெட்டித் தகட்டைத்தான் வைத்திருந்தார்கள். தங்கராசு கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். நீளமாக ஒரு தழும்பு, வேறு ஒன்றுமில்லை. மறுபடி பனை ஏறுவதாகச் சொன்னான். பால்சாமி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை, வீக்கமில்லை. இன்னும் நாலைந்து வருஷம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

இதை அவன் லூர்துமேரியிடம் சொன்னான். அவள், அந்தக்கா கேட்டதுக்கு நீ உள்ளதைச் சொன்னே, அதில் என்ன தப்பு என்றாள். அவனுக்கு மனசு ஆறவில்லை.

சந்தை நாட்களில் மண்டியிலிருந்து நடந்து கடைத்தெருவுக்குப் போவான். குஞ்சம்மாளுக்குக் கூடை தூக்கிவிடுவான். அவள் வேண்டாமென்று சொல்வதில்லை, நன்றியும் சொல்வதில்லை. பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவார்கள். வெகுநாள் கழித்து ஒருநாள் தங்கராசைப் பார்த்ததைச் சொன்னான். பிறகு கேட்டான்.

“அன்னிக்கி நான் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, வச்சிக்கினு இருப்பியாக்கா?”

அவள் இடது கையால் சொத்தைக் கத்தரிக்காய்களைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“வச்சிக்கினு இருப்பேன்” என்றாள்.

அவள் குரலில் கோபமில்லை. ஒரு ஆள் வந்து வீசை என்ன விலை என்று கேட்டான். அவள் அவனுக்கு விலை சொல்லத் தொடங்கினாள். பால்சாமி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மண்டிக்குத் திரும்பினான்.