கலவையில் இரண்டு மூடி

சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து எட்டு மாதம் ஆகியும் கொத்தனாரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் காலைத்தான் விசாரித்தார்கள். கையை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. கூப்பிட்டவன் மனைவியின் தம்பி மட்டும்தான். மீன் தொட்டிக் கடை வைத்திருந்தான்.

"மாமா, ஆறடித் தொட்டி. பின்பக்கம் முழுக்கப் பாறை மாதிரி வேணும். தெர்மாகோலைச் செதுக்கி மேல சிமெண்ட் பூசணும். இது நல்லா வந்துட்டா இன்னும் நாலு தொட்டி உங்களுக்குத்தான்."

"வராம எங்க போயிடும்?"

"வெறும் சிமெண்டும் கலர் பொடியும்தான். வேற எதுவும் சேரக்கூடாது. காஞ்சதும் மூணு வாரம் தண்ணியில ஊறணும், தினம் தண்ணி மாத்தணும். சிமெண்ட் காரம் இறங்கலைன்னா மீன் தாங்காது மாமா."

மீன் விற்கிறவன் சிமெண்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். கொத்தனார் தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

பிரெட் வெட்டும் கத்தியால் இரண்டு நாள் செதுக்கினார். வீடெங்கும் வெள்ளை உருண்டைகள் பறந்தன. "தலையில, தட்டுல, தலகாணியில எல்லாம் இதுதான். நாளைக்கு நானே மிதக்கப்போறேன்" என்றாள் மனைவி. ஆனால் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எட்டு மாதமாக அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் விளிம்புகளை உருக்கி, வெடிப்பும் பிளவும், மீன் ஒளிய ஒரு பொந்தும் உண்டாக்கினார். மலையில் பெயர்த்தெடுத்ததுபோல் இருந்தது.

முதல் பூச்சு பெயிண்ட் மாதிரி நீர்க்க. இரண்டாவது கொஞ்சம் கெட்டி. மூன்றாவதுக்குக் குழைக்கும்போது கை தானாக அந்த டப்பாவைத் தேடிப் போனது. குளியலறையோ மொட்டைமாடியோ, தண்ணீர் படுகிற எந்த இடத்துக்கும் வாட்டர்ப்ரூஃப் மருந்து ஊற்றாமல் அவர் கலவை போட்டதே இல்லை. இருபத்தாறு வருடம். அவர் பூசிய சுவர் கசிந்ததென்று யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. இரண்டு மூடி ஊற்றினார். மச்சினனிடம் சொல்லவில்லை. அவனுக்கென்ன தெரியும்?

மூன்று வாரமும் ஒருநாள் விடாமல், காலை இழுத்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். மனைவியைத் தொடவிடவில்லை. பிறகு சிலிக்கான் பசை வைத்துக் கண்ணாடியோடு ஒட்டினார்கள். மீன் விட்ட அன்று, கடைக்கு வந்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். "யாரு செஞ்சது?" என்று ஒருத்தர் கேட்டார். கொத்தனார் அன்றைக்கு நிமிர்ந்து நின்றார்.

மூன்றாம் நாள் காலையில் மச்சினன் அக்காவுக்குப் போன் செய்தான். இருவரும் போனபோது முப்பது மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"தண்ணி ஒழுங்கா மாத்தினீங்களா மாமா? உண்மையச் சொல்லுங்க."

அவர் வாய் திறக்கும் முன் மனைவி பாய்ந்தாள். "டேய், யாரைப் பாத்து என்ன கேக்குற? அந்தக் காலை வச்சுக்கிட்டு மனுஷன் எத்தனை வாளி தூக்கினாருன்னு என் கண்ணால பாத்தேன்டா. சத்தியமா சொல்றேன், அவரு வேலையில ஒரு குறையும் கிடையாது."

மச்சினன் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தான். நிறம் சரியாகவே வந்தது. காரம் இல்லை. அவன் முகம் இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்க மாமா. அப்போ எனக்கு மீன் சப்ளை பண்ற அந்த ஆளுதான் நோய் மீனைத் தலையில கட்டிட்டான். இருங்க, அவனை வாங்குற வாங்குல..." என்று போனை எடுத்தான். "நாளைக்கே புது மீன் விடுறேன்."

கொத்தனார் தொட்டியின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக் குமிழி வெடிக்கிற இடத்தில் மெல்லிய நுரை ஒதுங்கியிருந்தது. சோப்பு நுரை மாதிரி. அந்த நுரை அவருக்குப் பழக்கம். டப்பாவைக் குலுக்கினால் வருவது அதுதான். பேசாமல் இருந்தால் பழி எவன் தலையிலோ விழும். நாளைக்கு இன்னொரு முப்பது மீன் சாகும். அப்புறம் நாலு தொட்டி.

"மீன் விடாத மாப்ள" என்றார். "வாட்டர்ப்ரூஃப் ஊத்தினேன். ரெண்டு மூடி."

மச்சினன் போனைக் கீழே வைத்தான். ஒரு கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வந்தால் அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லலாம். சண்டை போடலாம். சக தொழிலாளியிடம்தானே மனுஷன் சண்டை போடுவான். அவனோ அருகில் வந்து அவர் தோளில் கை வைத்தான்.

"பரவாயில்ல மாமா. உங்களுக்கு உடம்பு முடியாத நேரத்துல நான்தான் வேலை குடுத்திருக்கக் கூடாது. விடுங்க."

"உடம்புக்கு என்னடா? அது பழக்கம்..."

"சரி மாமா, சரி."

மனைவி அவர் பக்கம் திரும்பவேயில்லை. சத்தியம் செய்த வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பிறகு தம்பியிடம், பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழாது என்பதுபோல, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ரொம்ப நேரமா நின்னுட்டிருக்காரு. அவரை எங்கயாவது உக்கார வைடா."